சைவக் கல்லூரிகளின் மரபுகளும் அவற்றின் ஊற்றுகளும்

கல்வி நிலையமொன்றின் உயிர், அதன் மாணவர் வழிவழியாகப் பேணிவரும் மரபுகளில் உறைவதாகும். அம்மரபுகள் எவ்வாறு தோன்றின, எதனைக் காத்தற்பொருட்டுத் தோன்றின என்பவற்றை அறியாது அவற்றைப் பேணுதல், நெல்மணியை விடுத்து உமியைக் காத்தலை ஒக்கும். திருகோணமலைப் பகுதிச் சைவப் பாடசாலைகளின் மாணவ வாழ்க்கையை ஆராயுமிடத்து இவ்வுண்மை புலனாகும்.

இம்மரபுகளின் முதல் ஊற்று திண்ணைப் பள்ளியாகும். திருகோணமலை நகரிலிருந்து வடக்கே நிலாவெளிக்குச் செல்லும் வீதியை அடுத்துள்ள சாம்பல்தீவு போன்ற கடலோரச் சிற்றூர்களிலே, விசயதசமியன்று குழந்தையின் விரலைப் பற்றிப் பச்சரிசியில் அகரம் எழுதுவித்து ஏடு தொடக்கும் வழக்கம் அப்பள்ளியின் எச்சமே. அங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகினர். தேர்ந்தபின் எழுத்தாணி பிடித்தனர். மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடஞ் சொன்னான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் சென்னையிலிருந்த அந்திரு பெல் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு, பிள்ளைகள் மணலில் எழுதுதலைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் புகுத்தினார். மாணவரைக்கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையினையும் அங்கு நடத்தி, 1797 இல் இங்கிலாந்திலே நூல்வாயிலாக வெளியிட்டார். எனவே, நம்மவர் பள்ளிவழக்கு மேனாட்டார் கல்விமுறைக்கும் ஒருவாறு உதவியதெனல் பொருந்தும்.

இரண்டாம் ஊற்று ஆங்கிலப் பாடசாலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈழத்து ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறித்தவ சங்கத்தார் வசமிருந்தது. அவர்தம் தொண்டு பெரிதாயினும், கல்வியோடு சமயமும் ஊட்டப்பட்டமையாற் சைவப் பிள்ளைகள் இடர்ப்பட்டனர். கற்கவேண்டுமாயின் திருநீற்றைத் துறக்கவேண்டுமோ என்னும் வினா எழுந்தது. அதற்கு விடையாகவே ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவ்வழியில் 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும், 1897 இல் திருகோணமலை இந்துக் கல்லூரியும் எழுந்தன. பெண்கல்வியின் பொருட்டுத் தங்கம்மா சண்முகம்பிள்ளை 1923 இல் திருகோணமலையிலே பாடசாலையொன்றைத் தொடக்கினார். அதுவே இன்றைய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. 1925 இல் திருகோணமலை இந்துக் கல்லூரி இராமகிருஷ்ண சங்கத்தின் பொறுப்பிலாயிற்று. விபுலாநந்த அடிகள் அதன் வளர்ச்சிக்கு உழைத்தார்.

இக்கல்லூரிகள் ஆங்கிலப் பாடசாலைகளின் நல்லனவற்றை வெறுத்தொதுக்கவில்லை. இல்லப் பகுப்பு, மாணவ முதல்வர், மெய்வல்லுநர் போட்டி, பரிசளிப்பு விழா, ஆண்டு மலர் ஆகியன அங்கிருந்து பெற்றவை. வாணி விழா, நாவலர் குருபூசை, வெள்ளிக்கிழமை வழிபாடு, காலைத் தேவாரம் ஆகியன நம்முடையவை. மாணவன் காலையிற் பண்ணோடு பாடி, மாலையில் இல்லக்கொடியின் கீழ் ஓடினான். தன்னை இழவாது பிறர் அறிவைப் பெறலாம் என்பதே இக்கலப்பின் உட்பொருள்.

இலவசக் கல்வி 1945 இல் நடைமுறைக்கு வந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின்கீழ் வந்தன. உரிமை கைமாறினும் வழக்கங்கள் மாறவில்லை. பின்னர் 2009 வரை நீடித்த போரும், 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் இம்மாவட்டத்துக் கரையோர மக்களை இடம்பெயரச் செய்தன. கட்டடம் சிதையலாம், ஏடுகள் அழியலாம். ஆயினும், ஒரு தட்டுப் பச்சரிசியும் ஒரு குழந்தையும் உள்ளவிடத்து ஏடு தொடக்கலாம். மரபின் வலிமை அதன் எளிமையிலுள்ளது.

எனினும், விழாவைச் சிறப்புறச் செய்தலோடு கடமை முடிந்துவிடாது. கல்விக்கு வாயில் அடைபட்டிருந்த பிள்ளைகளுக்கு அதனைத் திறத்தற்கே முன்னோர் இக்கல்லூரிகளை நிறுவினர். கடற்றொழிலாளியின் பிள்ளையும் கமக்காரனின் பிள்ளையும் இடையிலே படிப்பை விடாது கல்லூரியின் மேல்வகுப்பை எய்துமாறு செய்வதே அம்மரபைக் காத்தலாகும். மூத்த மாணவன் இளையவனருகிலிருந்து ஒரு கணக்கை விளக்குவானாயின், பழைய சட்டாம்பிள்ளையின் பணி அங்கே தொடர்கின்றது.