பழைய கணிப்பொறியைத் தூக்கிப் போடுமுன்...

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ராஜகுளத்தில் எங்கள் தெருவைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவன் ஒருவன் சைக்கிள் கேரியரில் ஒரு கணிப்பொறிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

“சார், புதுசு வாங்கியாச்சு. இதைக் காயலான் கடையில போட்டுடச் சொல்றார் அப்பா. அதுக்கு முன்னே நீங்க ஒரு தடவை பாத்துடுங்க.”

2012-ஆம் ஆண்டில் வாங்கிய பெட்டி அது. என்ன கோளாறு என்று கேட்டேன். இணையப் பக்கம் எதுவும் திறப்பதில்லையாம். தேதியும் ஒவ்வொரு நாளும் 2012-க்கே திரும்பிப் போய்விடுகிறதாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டும் ஒரே நோய்தான்!

பெட்டிக்குள் இருக்கும் தாய்ப்பலகையில் நாணயம் போன்ற ஒரு சிறு மின்கலத்தைப் பார்க்கலாம். சிஆர் 2032 என்று அதன்மேல் எழுதியிருக்கும். 3 வோல்ட் தரக்கூடியது. கணிப்பொறி அணைந்திருக்கும் வேளையிலும் உள்ளே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க இதுவே காரணம். அந்தக் கடிகாரத்தின் உயிர் ஒரு குவார்ட்ஸ் படிகம். அது நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இதென்ன விந்தையான எண்? 2-ஐ 15 முறை பெருக்கிப் பாருங்கள். அதிர்வெண்ணைப் பாதி பாதியாக 15 முறை குறைத்தால் சரியாக நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும்.

மின்கலம் தீர்ந்தால் கடிகாரம் நின்றுவிடும். சரி, இணையம் ஏன் கெட்டது? பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அதில் ‘இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும்’ என்று குறித்திருக்கும். 2012-இல் நிற்கும் கணிப்பொறிக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ்! ஆகவே உள்ளே விட மறுக்கிறது. சில பத்து ரூபாய் மின்கலத்துக்காக ஒரு கணிப்பொறியே காயலான் கடைக்குப் போக இருந்தது.

ஆனாலும் புதிய கணிப்பொறி வாங்கியதைத் தவறென்று சொல்ல மாட்டேன். 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இந்தப் பெட்டியில் இல்லை. எனவே கேள்வி இதுதான்: பழையதிலிருந்து எவற்றைப் புதியதற்கு மாற்றலாம்?

நினைவகப் பலகையை மாற்ற முடியாது. பழையது டிடிஆர் 3. 240 முனைகள், 1.5 வோல்ட். புதியதில் இருப்பது டிடிஆர் 5. 288 முனைகள், 1.1 வோல்ட். தவறிச் செருகிவிடக் கூடாது என்றுதான் விளிம்பில் உள்ள வெட்டு ஒவ்வொரு தலைமுறையிலும் இடம் மாற்றி வைக்கப்பட்டிருக்கிறது. நுழையவில்லையென்றால் பலத்தைக் காட்டாதீர்கள்!

வன்தட்டு நிச்சயம் பயன்படும். சாட்டா வகைத் தட்டானால் புதிய கணிப்பொறியில் இரண்டாவது தட்டாக இணைத்துவிடலாம். குடும்பப் படங்கள், பாடக் குறிப்புகள் எல்லாம் அப்படியே கிடைக்கும். ஆனால் அதையே முதன்மைத் தட்டாக வைக்காதீர்கள். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி எடுக்கிறது. வேண்டிய இடம் படிக்கும் முனைக்கு அடியில் வரச் சராசரியாக அரைச்சுற்று, அதாவது 4 மில்லி நொடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரம் வேறு. சுழலும் பகுதியே இல்லாத எஸ்எஸ்டி-க்கு இந்தக் காத்திருப்பு கிடையாது.

மின்வழங்கியை, அதாவது எஸ்எம்பிஎஸ் பெட்டியை, நான் மாற்றச் சொல்லமாட்டேன். அதிலுள்ள மின்தேக்கிகளில் இருக்கும் திரவம் வெப்பத்தால் மெல்ல மெல்ல உலர்கிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. நம் ஊர்க் கோடையைச் சொல்லவும் வேண்டுமா? அந்தப் பெட்டியைத் திறக்கவும் கூடாது. 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தின் உச்சம் 325 வோல்ட். அந்த அழுத்தத்தில் 235 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்று சேர்த்து வைக்கும் ஆற்றலை ½CV² வாய்பாட்டில் போட்டுப் பாருங்கள். 12 ஜூலுக்கு மேல் வரும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அது உள்ளே தங்கியிருக்கக்கூடும். உயிரோடு விளையாடும் வேலை வேண்டாம்.

பழைய பெட்டிகளைக் கொண்டு பெரிய காரியம் செய்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் ஹார்கிரோவ், ஹாஃப்மன் என்ற இருவர் தங்கள் நாட்டின் சூழல் மண்டலங்களை வரைபடமாக்க விரும்பினர். நாட்டை ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்தபோது 78 லட்சம் கட்டங்கள் வந்தன! 64 புதிய கணிப்பொறிகள் வாங்கப் பணம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. மனம் தளராமல், ஆய்வகத்தில் கழித்துப் போட்ட கணிப்பொறிகளைத் திரட்டி 1997-இல் ஒன்றோடொன்று இணைத்தனர். நாளடைவில் அவற்றின் எண்ணிக்கை 130-ஐத் தாண்டியது. வெறும் கல்லைப் போட்டுக் கொதிக்க வைத்து, ஊரார் தந்த காய்கறிகளால் சூப் செய்தவனின் நாடோடிக் கதையை ஒட்டி அதற்குப் பெயரும் வைத்தார்கள். வரைபடம் வந்தது.

நம் மாணவனின் பெட்டிக்கு அவ்வளவு பெரிய யோகம் இல்லை. புது மின்கலமும் ஒரு சிறிய எஸ்எஸ்டி-யும் போட்டு, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸை நிறுவினோம். தமிழில் தட்டச்சு செய்ய அதில் வசதி உண்டு. அவன் தங்கை இப்போது அதில்தான் கட்டுரை எழுதுகிறாள்.

கடைசியில் எதுவுமே தேறாவிட்டால்? அப்போதும் எடைக்குப் போடாதீர்கள். உத்தரப்பிரதேசத்து மொராதாபாத்தில் தாமிரத்துக்காக மின்சுற்றுப் பலகைகளை எரித்தவர்களின் கரும்புகையும் சாம்பலும் ராம்கங்கை ஆற்றங்கரையைப் பாழாக்கின. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே அவை சேரவேண்டும்.

கெட்டுப்போன வன்தட்டு கிடைத்தால் மட்டும், பெரியவர் ஒருவர் துணையோடு திறந்து அதிலுள்ள நியோடிமியம் காந்தத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விரலை நசுக்கிவிடும், கவனம்! சாய்வாகப் பிடித்த தடித்த அலுமினியத் தகட்டில் அதை வழுக்கவிட்டுப் பாருங்கள். அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. ஆயினும் தேனில் நகர்வதுபோல அது மெதுவாக இறங்கும். நகரும் காந்தம் தகட்டில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டத்தின் காந்தப்புலம் காந்தத்தின் இயக்கத்தையே எதிர்க்கிறது. வகுப்பில் லென்ஸ் விதி நடத்தும் நாளில் அதை ஆசிரியரிடம் கொடுங்கள்.