விளக்குக்கும் மூச்சு வேண்டும்

கடந்த நவம்பர் மாதத்து மழைக்காலம். விடியற்காலை மணி ஆறேகால் இருக்கும். ஈஜோக்கிலிருந்து புக்கிட் ரோத்தான் பக்கமாகக் காரில் போய்க்கொண்டிருந்தேன். சாலையின் இருபுறமும் செம்பனை, எங்கும் கும்மிருட்டு. திடீரென்று வண்டிக்கு முன்னே, இடது ஓரத்தில் ஓர் உருவம்! நான் பிரேக்கை மிதித்த வேகத்தில் பின்னிருக்கையில் இருந்த மாணவர்களின் பயிற்சிப் புத்தகங்கள் அத்தனையும் கீழே சரிந்தன. வண்டி நின்றபோது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன பெரியவருக்கும் வண்டிக்கும் இடையே இரண்டு முழம்கூட இல்லை. ஒரு காலத்தில் பால்மரம் வெட்டியவர்; எனக்கு நன்றாகத் தெரிந்தவர்.

“என்ன வாத்தியாரே, லைட்டு போடாமயா வர்றீங்க?” என்றார்.

போட்டுக்கொண்டுதான் வந்தேன். இறங்கிப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. இடது முன்விளக்கின் உட்புறம் முழுவதும் வெள்ளையாக நீர் பூத்திருந்தது. அடியில் ஒரு கரண்டித் தண்ணீர் தேங்கி நின்றது. எரிகிற விளக்கு இருந்தும் ஒளி வெளியே வரவில்லை. நீர்த்துளிகள் ஒளியை நாலாபக்கமும் சிதறடித்துவிடும். நமக்குச் சாலை மங்கும். எதிரே வருபவருக்கோ கண் கூசும்.

பட்டறை ஒன்றில் கேட்டேன். விளக்கை முழுசாக மாற்ற வேண்டும் என்று சில நூறு வெள்ளி கணக்குச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பட்டணத்தில் என்னிடம் படித்த தம்பி ஒருவர் வண்டி பழுது பார்க்கிறார். அவரிடம் போனேன். அவர் பானெட்டைத் திறந்து விளக்கின் பின்புறத்தைத் தடவிப் பார்த்தார். “சார், போன மாசம் பல்பு மாத்தினீங்களா? ரப்பர் மூடியைச் சரியா போடல” என்றார். அவ்வளவுதான் கதை!

இது எப்படி நேர்கிறது? 30 பாகை வெப்பமுள்ள காற்று, ஒரு கன மீட்டரில் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 22 பாகைக்குக் குளிர்ந்தால் சுமார் 19 கிராம்தான் தாங்கும். மிச்சம் எங்கே போகும்? குளிர்ந்த மூடியின் மேல் துளிகளாக உட்காரும். கடற்காற்றும் ஆற்றுக் காற்றும் மழையும் சேர்ந்த நம் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஈரத்துக்குப் பஞ்சமா?

‘அப்படியானால் காற்றே புகாமல் அடைத்துவிடலாமே’ என்று தோன்றும். அதுதான் தவறு. இன்றைய விளக்குகளில் சிறிய மூச்சுத்துளைகளை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். விளக்கு எரியும்போது உள்ளே காற்றுச் சூடாகி விரியும், அணைத்தால் சுருங்கும். அந்தக் காற்று போய்வரவும், உள்ளே உள்ள ஈரம் வெளியேறவும் வழி வேண்டும்.

இந்தச் சிக்கல் புதியதல்ல. புக்கிட் மலாவத்தி உச்சியில் நிற்கும் கலங்கரை விளக்கத்தை நாம் பார்த்திருக்கிறோம். இங்கிலாந்தில் அத்தகைய விளக்கங்கள் எண்ணெயில் எரிந்த காலத்தில், எண்ணெய் எரிவதால் உண்டாகும் நீராவி கண்ணாடியில் படிந்து ஒளியை மறைத்தது. நம் அறிவியல் பாடத்தில் வரும் மைக்கேல் ஃபாரடேதான் 1840களில் இதற்கு வழி கண்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிராமல், புகையும் ஆவியும் வெளியேற ஒரு குழாய் அமைத்தார். ஈரம் போக வழிவிட்டால் கண்ணாடி தெளியும் என்பதே அவர் கண்ட வழி. நம் கார் விளக்குக்கும் அதுவே பொருந்தும்.

வாசகர்கள் செய்யவேண்டியவை இவை. மழைக்குப் பின்னோ வண்டி கழுவிய பின்னோ மெல்லிய பனிபோலப் படர்ந்து, விளக்கை எரியவிட்டதும் சிறிது நேரத்தில் மறைந்தால் கவலை வேண்டாம். எல்.இ.டி. விளக்கு முன்பக்கம் அதிகம் சூடாகாது. ஆகவே சற்றுத் தாமதமாகும். துளிகள் உருண்டு ஓடினாலும், தண்ணீர் தேங்கினாலும் எங்கோ ஒழுக்கு உண்டு.

முதலில் விளக்கை அணைத்து, நன்றாக ஆறவிடுங்கள். பின்புற ரப்பர் மூடி, வளையம், மூச்சுத்துளை, முன்மூடியில் விரிசல் ஆகியவற்றைப் பாருங்கள். துளையைச் சேறோ சிலந்தி வலையோ அடைத்திருக்கலாம். மூடியைக் கழற்றி, தலைமுடி உலர்த்தும் கருவியை மிதமான சூட்டில் தள்ளிப் பிடித்து உலர்த்துங்கள். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொடாதீர்கள். கையெண்ணெய் பட்டால் பல்பின் ஆயுள் குறையும். உள்ளே துணி விட்டுத் துடைத்தால் பளபளப்புப் பூச்சு உரிந்துவிடும். காடி வாடை அடிக்கும் சிலிகோன் பசையும் அந்தப் பூச்சைக் கெடுக்கக்கூடும். வாகன விளக்குக்குரிய பசையையே கேட்டு வாங்குங்கள். ஈரத்தோடு அடைத்தால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். உத்தரவாதம் முடியாத புது வண்டியானால் நீங்கள் கை வைக்கவேண்டாம். விற்றவரிடமே கொண்டு போங்கள்.

என் வண்டிக்கு ஒரு புது ரப்பர் மூடியும் அரை மணி நேரமும் போதுமானதாக இருந்தன. அன்றே சைக்கிள் கடைக்குப் போய், பின்னால் மாட்டும் சிவப்பு விளக்கு ஒன்றும் வாங்கினேன். அதைப் பெரியவரின் சைக்கிளில் நானே மாட்டிக்கொடுத்தேன்.

“உங்க லைட்டு எரியுதா வாத்தியாரே?” என்று இப்போதெல்லாம் என்னைக் கண்டால் கேட்கிறார். நானும் சலிக்காமல் காரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.