முன்பணம் கட்டிக் காத்திருக்கும் காலம்

கடையில் இருக்கும் பொருளை வாங்குவதற்கும், இனிமேல் வரவிருக்கும் பொருளுக்கு முன்பணம் கட்டுவதற்கும் உள்ள வேறுபாடு பணம் கட்டும் நாளில் நமக்குத் தெரிவதில்லை. இரண்டிலும் கணக்கிலிருந்து தொகை கழிகிறது. இரண்டிலும் அதே குறுஞ்செய்திதான் வருகிறது. வாக்களித்த மாதம் வந்து, பொருள் வராமல், அடுத்த மாதமும் பிறந்த பிறகே வேறுபாடு உறைக்கிறது. மின்னஞ்சலை நாளுக்கு நான்கு முறை திறந்து பார்க்கிறோம். நிறுவனத்தின் கடைசி அறிவிப்பை மீண்டும் படித்து, 'விரைவில்' என்ற சொல்லுக்குப் பொருள் தேடுகிறோம். வீட்டில் உள்ளவர்கள் முதலில் விசாரிக்கிறார்கள். பிறகு கேலி செய்கிறார்கள். அதன்பின் கேட்பதையே விட்டுவிடுகிறார்கள்.

இந்தத் தவிப்பை இணையம் உண்டாக்கியதாகக் கருதிவிட வேண்டாம். இங்கிலாந்தில் சர் கிளைவ் சிங்க்ளேரின் நிறுவனம் 1984 ஜனவரி 12 அன்று கியூ.எல். என்ற கணினியை அறிமுகப்படுத்தியது. விலை 399 பவுண்டு. 28 நாளில் அஞ்சலில் வந்துசேரும் என்பது வாக்குறுதி. முழுமையாக இயங்கும் கணினி ஒன்றுகூட அப்போது ஆயத்தமாகவில்லை. ஏப்ரல் இறுதியில்தான் முதல் சில கணினிகள் வாடிக்கையாளர் கைக்கு வந்தன. அவற்றிலும் இயங்குதள நிரல் உள்ளே அடங்காமல், அதில் ஒரு பகுதியைத் தாங்கிய சிறு அட்டைப்பெட்டகம் பின்புறத்தில் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. காசோலை அனுப்பிவிட்டு வாசலில் அஞ்சல்காரரை எதிர்நோக்கியவர்களுக்கு, அன்று கேட்டறிய ஒரு தொலைபேசி எண்ணும் கணினி இதழ்களின் வாசகர் கடிதப் பக்கமுமே இருந்தன.

இணையக் காலத்தில் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 'பண்டோரா' என்ற கையடக்கக் கணினி. லினக்ஸ் இயங்குதளம், சிறிய விசைப்பலகை, விளையாட்டுக்கான பொத்தான்கள் எல்லாம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி அது. பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. ஆர்வலர் சிலர் கூடிச் செய்த முயற்சி. 2008 செப்டம்பர் 30 அன்று முன்பதிவு தொடங்கியது. முதல் தொகுப்பு 4,000 கருவிகள். முதற்கருவி வெளிவந்தது 2010 மே மாதத்தில். இடைப்பட்ட காலமெல்லாம் 'இன்னும் இரண்டே மாதம்' என்ற உறுதி திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு, காத்திருந்தோரிடையே அந்தச் சொல்லே நகைச்சுவையாகிவிட்டது. செய்தவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர்; கருவியும் நல்ல கருவியே. ஆனாலும் பணம் கட்டியவரின் நாட்காட்டியில் இரண்டு மாதம் என்பது ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக நீண்டது.

தாமதம் எங்கே பிறக்கிறது? மேசையில் இயங்கும் ஒரு மாதிரிக் கருவியைச் செய்துகாட்டுவது ஒரு வேலை. அதையே பல்லாயிரம் செய்வது முற்றிலும் வேறு வேலை. மேலுறைக்கு எஃகு அச்சு வெட்ட வேண்டும். அச்சு வெட்டுவதற்கே வாரக்கணக்கு ஆகும். முதல் வார்ப்பில் பொத்தான் இறுகினாலோ மூடி பொருந்தாவிட்டாலோ அச்சைத் திருத்தி மீண்டும் வார்த்துப் பார்க்க வேண்டும். மின்கலத்திற்குத் தனிச் சோதனை, அலைபரப்பும் கருவிக்குத் தனி ஒப்புதல், நம் நாட்டில் கைபேசி போன்றவற்றிற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு. நூறு உறுப்புகளில் ஒரேயொரு சில்லு வரவில்லையென்றாலும் மற்ற தொண்ணூற்றொன்பதும் கிடங்கில் தூங்கும். 2021இல் சில்லுத் தட்டுப்பாட்டால் கார் நிறுவனங்களே உற்பத்தியைக் குறைத்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே தாமதத்தை மட்டும் குற்றமாகக் கொள்ள முடியாது. நாம் கவனிக்க வேண்டியது அந்தக் காலத்தில் செய்பவர் என்ன சொல்கிறார், எவ்வளவு சொல்கிறார் என்பதையே. வங்கித் தொழிலில் இது பழகிய பாடம். தவணை தவறிய கடனாளி கிளைக்கு வந்து நிலைமையைச் சொன்னால் வழி காண முடிகிறது. தொலைபேசியை எடுக்காதவரின் கோப்புதான் மேலாளரின் மேசைக்குப் போகிறது.

'பெப்பிள்' என்ற கைக்கடிகாரத்தைப் பாருங்கள். 2012இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ஒரு லட்சம் டாலர் வேண்டி நின்றவர்களுக்கு, ஏறத்தாழ 69,000 பேரிடமிருந்து ஒரு கோடியே இரண்டு லட்சம் டாலருக்கும் மேல் குவிந்தது. ஆயிரம் கடிகாரம் செய்ய எண்ணியிருந்தவர்கள் 85,000 செய்ய வேண்டியதாயிற்று. செப்டம்பரில் தருவதாகச் சொன்னது 2013 ஜனவரி இறுதியில்தான் அனுப்பத் தொடங்கியது. இடையில் தொழிற்சாலை, உறை, நீர்புகாச் சோதனை என்று வேலை எதுவரை வந்திருக்கிறது என்பதைத் தொடர்ந்து எழுதிவந்தார்கள். முணுமுணுப்பு இருந்தது, ஆனால் நம்பிக்கை முறியவில்லை. அந்நிறுவனம் 2016 டிசம்பரில் மூடப்பட்டபோது, இனி வராது என்றான 'பெப்பிள் டைம் 2' கடிகாரத்திற்குப் பணம் தந்திருந்தவர்களுக்கு அத்தொகை திருப்பித் தரப்பட்டது.

இதற்கு நேர்மாறானது 'ஸ்பெக்ட்ரம் வேகா பிளஸ்'. சிங்க்ளேரின் பழைய ஸ்பெக்ட்ரம் கணினியின் விளையாட்டுகளைக் கையில் வைத்து ஆடலாம் என்று சொல்லி, 2016இல் இண்டிகோகோ தளத்தில் ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். அவ்வாண்டே தருவதாகச் சொன்ன கருவி வரவில்லை, விளக்கங்கள் அருகின, இயக்குநர்களுக்குள் பூசல் எழுந்தது. கடைசியில் தளமே கடன் வசூலிப்போரை நாடியது. 2018இல் மிகச் சிலருக்குப் போய்ச்சேர்ந்த கருவிகளும் குறையுடையவை. 2019 பிப்ரவரியில் நிறுவனம் நீதிமன்ற ஆணைப்படி கலைக்கப்பட்டது.

நம்மைப் போன்ற கணக்குப் பார்ப்போரை இவற்றினும் சிந்திக்க வைப்பது 'ஸானோ' என்ற சிறு ட்ரோனின் வரலாறு. வேல்சில் இருந்த ஒரு நிறுவனம் கிக்ஸ்டார்ட்டரில் 12,000 பேரிடமிருந்து 23 லட்சம் பவுண்டு திரட்டி, 2015 ஜூனில் தருவதாக அறிவித்தது. தன் சொந்த இணையதளத்திலும் தனியாக முன்பதிவு ஏற்றது. கடைசியில் சில நூறு ட்ரோன்கள் தேறியபோது, அவை முதலில் போனது தளத்தில் ஆதரவளித்த ஆயிரக்கணக்கானோருக்கு அன்று. பின்னால் வந்து இணையதளத்தில் பதிவு செய்தவர்களுக்கு. காரணம் எளியது. ஆதரவாளர்களின் பணம் ஏற்கெனவே நிறுவனத்தின் கைக்கு வந்து செலவாகிவிட்டது. பின்னவர்களின் பணமோ இடைநின்ற பணப்பரிமாற்ற நிறுவனத்திடம் தங்கியிருந்தது. பொருளை அனுப்பினால்தான் அது விடுவிக்கப்படும். நவம்பரில் நிறுவனம் கலைப்புக்குச் சென்றது. கிக்ஸ்டார்ட்டரே ஒரு பத்திரிகையாளரை அமர்த்தி, நடந்ததை ஆராய்ந்து வெளியிடச் செய்தது.

முதலில் நம்பியவர் கடைசியிலும், பணத்தை இடையில் நிறுத்தி வைத்திருந்தவர் முதலிலும் பொருள் பெற்ற இந்த முரணில் முன்பணத்தின் இயல்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. வணிகவியல் படித்தோர் அறிவர்: வாடிக்கையாளரிடம் பெற்ற முன்பணம் நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகளின் பக்கத்தில் நிற்கிறது. அதாவது நாம் பொருள் வாங்கவில்லை, கடன் கொடுத்திருக்கிறோம். வட்டியில்லை, ஈடில்லை, திருப்பும் நாளும் உறுதியில்லை. எந்தக் கிளை மேலாளரும் ஒப்புதல் தர மாட்டாத கடன் அது. அதை நாம் நள்ளிரவில், விற்றுத் தீர்ந்துவிடுமோ என்ற பதற்றத்தில், இரண்டு நிமிடத்தில் கொடுத்துவிடுகிறோம். கூட்டுநிதித் தளங்களில் கட்டும் தொகையோ விலையும்கூட அன்று. ஒரு முயற்சிக்குத் தரும் ஆதரவு என்றே அத்தளங்களின் விதிகள் கூறுகின்றன.

பங்கு வெளியீட்டில் இந்தக் குறை முன்பே உணரப்பட்டது. ஒருகாலத்தில் விண்ணப்பப் பணம் நம் கணக்கை விட்டுப் போய், ஒதுக்கீடு கிடைக்காவிடில் திரும்பிவர வாரக்கணக்கில் ஆகும். 2008இல் செபி கொண்டுவந்த 'அஸ்பா' முறையில் தொகை நம் சேமிப்புக் கணக்கிலேயே முடக்கப்பட்டு, வட்டியும் ஈட்டிக்கொண்டிருக்கிறது. ஒதுக்கீடு கிடைத்தால் மட்டுமே கழிகிறது. 2022 டிசம்பரில், யூ.பி.ஐ. வழியாகவும் ஒரு தொகையை முடக்கி வைத்துத் தேவையானபோது பற்று வைக்கும் வசதியை ரிசர்வ் வங்கி அறிவித்தபோது, இணைய வணிகத்தையும் அதன் பயன்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது. வருமுன் பணம் கேட்கும் கருவிகளுக்கெல்லாம் இம்முறை பரவினால் பாதித் தவிப்பு குறையும் என்பது நம் எண்ணம்.

காத்திருக்கும் பணத்திற்கு மதிப்புத் தந்த முன்மாதிரி நம் நாட்டிலேயே உண்டு. 2009இல் டாடா நானோ காருக்கு வங்கிகள் வழியாக இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட முன்பதிவுகள் குவிந்தன. முதல் ஒரு லட்சம் பேரைக் கணினிக் குலுக்கலில் தேர்ந்தெடுத்தார்கள். மற்றவர்களில் பணத்தை விட்டுவைத்துக் காத்திருக்க இசைந்தோருக்கு எட்டரை விழுக்காடும் அதற்குச் சற்று மேலுமாக வட்டி அறிவிக்கப்பட்டது. காரின் பிற்கால வரலாறு எப்படியாயினும், இந்த ஒன்றில் அது கணக்கறிந்து நடந்தது.

எதிர்முனையில் 'ஃப்ரீடம் 251'. வெறும் 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் என்று 2016 பிப்ரவரியில் அறிவித்தபோது இணையதளமே நிலைகுலைந்தது. அறிமுக நாளில் காட்டிய கைபேசியில் வேறொரு நிறுவனத்தின் பெயர் வெள்ளை மையால் மறைக்கப்பட்டிருந்தது. எதிர்ப்பு வலுக்கவே, பணம் கட்டியிருந்த ஏறத்தாழ 30,000 பேருக்குத் தொகை திருப்பித் தரப்படும் என்றும், கைபேசி கைக்கு வந்தபின் பணம் கொடுத்தால் போதும் என்றும் நிறுவனம் அறிவித்தது. 251 ரூபாய் தானே என்று எண்ணியவர்கள் ஏராளம். ஆனால் விநியோக உரிமைக்காகப் பெருந்தொகை கட்டிய வணிகர்களும் இருந்தார்கள். மறு ஆண்டு காவல்துறை நடவடிக்கை அத்தகைய ஒருவரின் புகாரில்தான் வந்தது.

சட்டம் நம்மை முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. நிறுவனங்கள் வைப்புத்தொகை ஏற்பது குறித்த 2014ஆம் ஆண்டு விதிகளின்படி, பொருளுக்காகப் பெற்ற முன்பணம் 365 நாளுக்குள் அப்பொருளுக்கு ஈடுசெய்யப்பட்டால்தான் அது வெறும் முன்பணம். நீதிமன்ற வழக்கால் தடைப்பட்டாலொழிய, அதைக் கடந்தால் வைப்புத்தொகையாகக் கருதப்பட்டு, கடுமையான விதிகளுக்கு உள்ளாகிறது. இதைக் குறிப்பிட்டு எழுதப்படும் கடிதத்திற்கு நிறுவனத்தின் கணக்குத் துறை பதில் எழுதாமல் இருப்பது எளிதன்று. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்கிடலாம். மதிப்பு ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. கால வரம்பு இரண்டு ஆண்டு. ஆனால் நிறுவனம் திவாலாகிவிட்டால் பிணை பெற்ற கடனீந்தோரும் தொழிலாளரும் முன்வரிசையில் நிற்பர். முன்பணம் கட்டியவர் முறை வரும்போது பெட்டியில் மீதி இருப்பது அரிது. அதனால் இவற்றையெல்லாம் நிறுவனம் உயிரோடிருக்கும்போதே செய்ய வேண்டும்.

கட்டும் வழியும் முக்கியம். அட்டையில் கட்டிய பணத்திற்குப் பொருள் வரவில்லையென்றால், அட்டை வழங்கிய வங்கியிடம் மறுப்பு எழுப்பும் உரிமை உண்டு. அதற்குக் கால வரம்பு உண்டு. வாக்களித்த நாளிலிருந்து அது ஓடத் தொடங்குகிறது. 'இன்னும் இரண்டு மாதம்' என்ற பதிலை நான்கு முறை ஏற்றுக்கொண்டவர் பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டிய பிறகே கிளைக்கு வருகிறார். வாக்களித்த நாளைக் காட்டும் பக்கத்தைப் பணம் கட்டிய அன்றே படமெடுத்து வைத்திருந்தால் மறுப்புக்கு அதுவே சான்று. பின்னாளில் அந்தப் பக்கத்தில் தேதி மாறிவிடும். கருவி ஆயத்தம், பதிவும் ஆயிற்று என்று நிறுவனம் சொன்னால் பதிவெண்ணைக் கேட்டு, தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் நாமே சரிபார்க்கலாம். எண் தர மறுப்பதும் ஒரு பதில்தான்.

மாதத் தவணையில் முன்பதிவு செய்தவர்களுக்கு ஒரு சொல். கருவி வராத கோபத்தில் தவணையை நிறுத்திவிட வேண்டாம். விற்பவருடன் செய்த ஒப்பந்தம் வேறு, கடன் ஒப்பந்தம் வேறு. தவணை தவறினால் கடன் மதிப்பெண்ணில் படியும் கறை உங்களுடையதாகவே இருக்கும். முன்பதிவுச் சான்றையும் நிறுவனத்துடனான கடிதப் போக்குவரத்தையும் எடுத்துக்கொண்டு, அடுத்த தவணை நாளுக்கு முன் கிளைக்கு வாருங்கள். முன்பதிவை நீக்கிக் கடனையும் நீக்கக்கோரும் விண்ணப்பத்தை அங்கேயே எழுதிக் கொடுக்கலாம்.