காஞ்சனை திரைப்பட இயக்கம்

காஞ்சனை திரைப்பட இயக்கம் 1990களில் திருநெல்வேலியில் செயல்பட்ட திரைப்படச் சங்கம். ஆவணப்பட இயக்குநர் ஆர். ஆர். சீனிவாசன் இதை முன்னின்று நடத்தினார். நெல்லைக்காரரான புதுமைப்பித்தனின் புகழ்பெற்ற சிறுகதை ஒன்றுக்கும் இதே பெயர்தான். நல்ல படங்களைத் திரையிடுவதும், பார்த்த பின் அவற்றைப் பற்றிக் கூடிப் பேசுவதும் இத்தகைய சங்கங்களின் பணி.

இந்தியாவில் இவ்வகைச் சங்கங்களுக்கு முன்மாதிரி, 1947-இல் சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலியோர் தொடங்கிய கல்கத்தா திரைப்படச் சங்கம். 1959-இல் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. 1964-இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அமைந்தது. இவற்றிடமிருந்தும் தூதரகங்களிடமிருந்தும் 16 மி.மீ. படப்பிரதிகள் இரவலாகப் பெறப்பட்டன. வீடியோ கேசட்டும் குறுந்தகடும் வந்தபின் படம் கிடைப்பது எளிதானது. சேர்ந்து உட்கார்ந்து பேசுவது அந்த அளவுக்கு எளிதாகிவிடவில்லை.

பேச்சு ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு, சங்கங்களில் அதிகம் திரையிடப்பட்ட படங்களுள் ஒன்றான 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) நல்ல உதாரணம். வித்தோரியோ டி சிகா இயக்கிய இந்த இத்தாலியப் படத்தின் கதையை இரண்டே வரியில் சொல்லிவிடலாம்: ஏழைத் தொழிலாளி ஒருவனின் சைக்கிள் திருடு போகிறது, மகனோடு அதைத் தேடி அலைகிறான். முதல்முறை பார்ப்பவர் அந்தச் சைக்கிள் கிடைக்குமா என்றே பார்த்துக்கொண்டிருப்பார். தொடக்கத்தில் சைக்கிளை மீட்க அவன் மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைக்கிறாள். கடைச் சிப்பந்தி அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு உயரமான அடுக்குகளில் ஏறுகிறான். அங்கே பிற வீடுகளின் விரிப்பு மூட்டைகள் நிரம்பிக் கிடக்கின்றன. சில நொடிகளே வரும் காட்சி. வறுமை ஒரு வீட்டுடையது அல்ல, ஊருடையது என்பதை வசனமில்லாமல் அது சொல்லிவிடுகிறது. இதைக் கவனித்த ஒருவர் எடுத்துச் சொல்லும்போது, கவனிக்காத மற்றவர்களுக்கும் படம் விரிகிறது. இறுதியில் தகப்பனே திருடத் துணிவது சரியா என்ற வாதமும் அதன்பின் வேறு திசையில் போகும். படம் பிடித்ததா, இல்லையா என்பதோடு நின்றுவிடும் பேச்சில் இந்த அடகுக்கடைக்கு இடமே இருக்காது.

இப்படி ஊன்றிப் பார்க்கும் பழக்கத்துக்குத் திருநெல்வேலியிலேயே ஒரு கடும் தேவை வந்தது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு ஆதரவாக, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் வந்தது. கூலி உயர்வும், சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கோரிக்கைகள். காவல்துறை தடியடி நடத்தியதில் மக்கள் தாமிரபரணிக்குள் இறங்கி ஓடினர். இரண்டு பெண்களும் இரண்டு வயதுக் குழந்தையும் உட்பட 17 பேர் இறந்தனர்.

இந்நிகழ்வைப் பற்றிச் சீனிவாசன் எடுத்த ஆவணப்படம் 'நதியின் மரணம்'. 17 பேரும் ஆற்றில் தவறி மூழ்கினார்களா, அடித்து விரட்டப்பட்டார்களா என்பதே அன்று எழுந்த கேள்வி. அதற்கு விடை தேட, கரையில் பதிவான காட்சிகளையும் நேரில் கண்டவர்களின் சொற்களையும் பொறுமையாகப் பார்க்கவும் கேட்கவும் வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் ஜூலை 23 அன்று ஆற்றில் மலர் தூவி இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது.