ஏறுவதற்கு ஃபோர் வீல் டிரைவ்... இறங்குவதற்கு? ஏற்காட்டில் ஜீப் எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் வண்டிகளில் இப்போதெல்லாம் மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி மாதிரியான ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்குக் குறைவில்லை. சொந்தமாக இல்லாதவர்கள் வாடகைக்கு எடுத்து வருகிறார்கள். ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் எல்லாம் பார்த்து முடித்ததும், அடுத்து கண் போவது காபித் தோட்டங்களுக்கு நடுவே பிரியும் மண் பாதைகள் மேல்தான். "அதான் ஃபோர் வீல் இருக்கே, எங்கே வேணா ஏறிடும்!"

ஏறிடும், உண்மைதான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஏறிய இடத்திலிருந்து பத்திரமாக இறங்குமா? மலையில் வண்டி சிக்கினால் அரை நாள் போகும். இறக்கத்தில் கட்டுப்பாடு போனால் உயிரே போகும். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டாலே பாதி பாதுகாப்பு வந்துவிடும்.

இந்த மலையில் என்ன விசேஷம்?

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி சேர்வராயன் மலை. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,620 மீட்டர் உயரம். சேலம் பக்கமிருந்து ஏறும் பிரதான சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். 2024 ஏப்ரல் 30 அன்று, ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த ஒரு தனியார் பேருந்து இதே சாலையில் தடுப்புச் சுவரை இடித்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. பலர் உயிரிழந்தார்கள், ஏராளமானோர் காயமடைந்தார்கள். தார் போட்ட, தடுப்புச் சுவர் கட்டிய சாலையிலேயே இந்த நிலைமை.

மண் பாதையில் தடுப்புச் சுவர் கிடையாது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இங்கே காபி பயிரிடத் தொடங்கினார் என்பது வரலாறு. அன்றிலிருந்து தோட்டங்களுக்காக வெட்டப்பட்ட பாதைகள் மலை முழுக்க உண்டு. நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம், வாழவந்தி என்று சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போகும் வழிகளிலும் குறுகலான, செங்குத்தான இடங்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் மண் மேடு, மறுபக்கம் சரிவு. நடுவில் ஒரு வண்டிக்குத்தான் இடம்.

செம்மண் காய்ந்திருந்தால் நல்ல பிடிமானம் தரும். மழை பட்டால் அதே மண் வழுக்குப் பாறை. அதன் மேல் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தின் சருகு விழுந்து கிடந்தால், கீழே பள்ளம் இருக்கிறதா, கல் இருக்கிறதா என்றே தெரியாது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இந்த மலைக்கு உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஏற்காட்டில் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மலைப்பாதைகளில் மண் சரிந்தது. மழைக்குப் பிறகு ஓரம் திடமாகத் தெரிந்தாலும், அடியில் அரித்துப் போயிருக்கலாம்.

ஃபோர் வீல் டிரைவ் என்ன செய்யும்? என்ன செய்யாது?

சாதாரணக் காரில் எஞ்சினின் சக்தி இரண்டு சக்கரங்களுக்குப் போகிறது. ஃபோர் வீல் டிரைவில் நான்குக்கும் போகிறது. ஒரு சக்கரம் சேற்றில் சுழன்றாலும் மற்றவை தள்ளும். அதனால் ஏற்றத்தில் பெரிய உதவி.

ஆனால் பிரேக் விஷயத்தில்? எல்லா காருக்குமே நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது. ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்பதால் ஈர மண்ணில் சீக்கிரம் நின்றுவிடாது. தரையைப் பிடிப்பது டயர் மட்டும்தான். போதாக்குறைக்கு இந்த வண்டிகள் எடை அதிகம், உயரமும் அதிகம்.

இறக்கத்தில் உண்மையில் கைகொடுப்பது 'ஃபோர் லோ'. கியர் லீவர் பக்கத்தில் இருக்கும் சின்ன லீவரை அல்லது ஸ்விட்சை அந்த நிலைக்கு மாற்றினால், கியர் விகிதம் இன்னும் குறைந்து வண்டி நடை வேகத்தில் நகரும். எஞ்சினே நான்கு சக்கரங்களையும் பிடித்து நிறுத்திக்கொண்டு இறங்கும். 'ஃபோர் ஹை'யில் இந்தப் பிடிப்பு குறைவு.

இன்னொன்று: பகுதி நேர ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளைக் காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலில் ஓட்டக் கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் சுற்ற வேண்டும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லாததால் அந்த இழுவை கியர் பாகங்களில் ஏறும், திருப்புவதும் கஷ்டமாகும்.

பிரேக் ஏன் கைவிடுகிறது?

"ஏறின கியர்லயே இறங்கு" என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். இதற்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது.

ஆட்களோடு சேர்த்து 2,000 கிலோ இருக்கும் வண்டி, 1,000 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்குகிறது என்று வையுங்கள். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வருவது ஏறக்குறைய இந்த அளவு இறக்கம்தான். அந்த உயரத்தில் இருந்த ஆற்றல் எங்கேயாவது போயாக வேண்டும். அது அத்தனையும் வெப்பமானால், சுமார் 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். நாலு குடம் தண்ணீர்! கால் முழுக்க பிரேக்கிலேயே இருந்தால் அந்தச் சூட்டில் பெரும்பகுதி நான்கு பிரேக்குகளில் ஏறுகிறது. ஓரளவுக்கு மேல் சூடானால் பிரேக் பேட் பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயில் பழசாகி ஈரம் சேர்ந்திருந்தால் அது கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும்.

சின்ன கியரில் இறங்கினால் அந்த வேலையில் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்கிறது. பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் போட்டாலோ, கிளட்சை அழுத்திக்கொண்டே உருட்டினாலோ, அந்த உதவியை நீங்களே அறுத்துவிடுகிறீர்கள். எஞ்சினையே அணைத்துவிட்டால் இன்னும் ஆபத்து: ஸ்டீயரிங் கனக்கும், சில தடவை மிதித்ததும் பிரேக் பெடல் கல்லாகிவிடும்.

மண் பாதையில் எப்படி ஓட்டுவது?

முதலில் இறங்கி நடந்து பாருங்கள். மேட்டுக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது, திருப்ப இடம் இருக்கிறதா, எதிரே வண்டி வந்தால் யார் எங்கே ஒதுங்குவது என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். 'இறங்க முடியுமா?' என்பதற்குப் பதில் தெரியாத பாதையில் ஏறாதீர்கள்.

ஏறும்போது சரிவுக்கு நேராக, ஒரே சீரான வேகத்தில் ஏறுங்கள். பாதியில் எஞ்சின் நின்றுவிட்டால், அங்கேயே வண்டியைத் திருப்பப் பார்ப்பதுதான் கவிழ்வதற்குக் குறுக்குவழி. பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். ரிவர்ஸ் கியர் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, நேராகப் பின்னாலேயே இறங்குங்கள்.

இறங்கும்போது ஃபோர் லோவில் முதல் கியர்; கால் கிளட்சில் இருக்கக் கூடாது. ஆட்டோமேட்டிக் வண்டியில் மேனுவல் மோடுக்கு மாறி முதல் கியரில் வையுங்கள். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுங்கள். சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கினால் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள். உருளும் சக்கரத்துக்குத்தான் ஸ்டீயரிங் கேட்கும்.

ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்போது கட்டை விரலை உள்ளே கோர்க்காமல் வெளியே வையுங்கள். கல்லில் சக்கரம் மோதி ஸ்டீயரிங் திடீரென்று சுழன்றால் விரல் பிசகும். பனிமூட்டம் இறங்கினால் ஹை பீம் வேண்டாம். வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணையே கூசும்.

பக்கச் சரிவு: கண்ணை ஏமாற்றும் இடம்

மலையில் ஏற்றத்தையும் இறக்கத்தையும் பார்த்துப் பயப்படுகிற நாம், வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து போகும்போது அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. ஆனால் கவிழ்வது அங்கேதான்.

இடது வலது சக்கரங்களுக்கு இடையே 150 செ.மீ. அகலம், வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 75 செ.மீ. உயரம் என்று வைத்தால், நின்ற நிலையில் 45 டிகிரி வரை சாயலாம். கூரை மேல் லக்கேஜ், நின்றுகொண்டு வரும் நண்பர்கள் என்று ஏற்றி அந்த மையம் 95 செ.மீ.க்கு உயர்ந்தால், தாங்கும் அளவு 38 டிகிரியாகிவிடும். இது சமமான தரையில், அசையாமல் நிற்கும் வண்டிக்கான கணக்கு. மேல் பக்கச் சக்கரம் ஒரு கல்லில் ஏறி, கீழ்ப்பக்கச் சக்கரம் ஒரு குழியில் இறங்கினால், 20 டிகிரி சரிவே போதும்.

அதனால் கனமான பொருள் எப்போதும் வண்டிக்குள்ளே, தரையோடு. சாயும்போது ஸ்டீயரிங்கைச் சரிவின் கீழ்ப்பக்கம் திருப்பி நேராக இறங்கப் பாருங்கள். இறங்க இடமிருந்தால் மட்டும். கவிழும் வண்டியைக் கையை ஊன்றித் தடுக்க முடியாது. கை, கால் உள்ளேயே இருக்கட்டும்.

பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள்

தோட்டத்து ஜீப்பும் பிக்கப்பும் மலைக்காரர்களுக்கு விளையாட்டுச் சாமான் இல்லை. வேலைக்குப் போகும் வண்டி. 2023 ஆகஸ்ட் 25 அன்று கேரளத்தின் வயநாட்டில், தலப்புழா அருகே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு திரும்பிய ஜீப் பள்ளத்தில் விழுந்தது. 9 பெண்கள் உயிரிழந்தார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்.

உயிர் தப்புவதற்கும் தப்பாததற்கும் நடுவே பெரும்பாலும் இருப்பது ஒரு பெல்ட்தான். கவிழும் வண்டியிலிருந்து வெளியே எறியப்படுபவர் மேல் அதே வண்டி வந்து விழும். பக்கவாட்டு பெஞ்ச் சீட்டில் எட்டுப் பேர், ஃபுட்போர்டில் இரண்டு பேர் என்று ஏற்றினால் இரும்பு ரோல் கேஜ் இருந்தும் பயனில்லை. பிக்கப் மாதிரியான சரக்கு வண்டியின் பின்னால் ஆட்களை ஏற்றுவது சட்டப்படியும் தவறு. தோட்டம் நடத்துபவராக இருந்தாலும், வார இறுதிக்கு வந்தவராக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்: எத்தனை பெல்ட்டோ, அத்தனை ஆள்.

ஏடிவி சவாரி: பொம்மை மாதிரி தெரியும், பொம்மை இல்லை

மலைவாசஸ்தலங்களில் கட்டணம் கட்டி ஓட்டும் நான்கு சக்கர ஏடிவிகள் இன்னொரு ரகம். அகலம் குறைவு, பெல்ட் கிடையாது. ஓட்டுபவர் உடம்பைச் சாய்த்துத்தான் சமநிலை பிடிக்க வேண்டும். பெரும்பாலானவை ஒருவருக்காக மட்டுமே வடிவமைக்கப்பட்டவை. பின்னால் இன்னொருவர் ஏறினால் அந்தச் சமநிலை போய்விடும்.

ஆஸ்திரேலியாவில் பண்ணைகளில் ஏடிவி கவிழ்ந்து பலர் இறந்ததால், 2021 அக்டோபர் முதல் அங்கே விற்கும் புதிய வண்டிகளில் கவிழ்ந்தாலும் ஆளை நசுக்காதபடி காக்கும் பாதுகாப்புச் சட்டம் கட்டாயமாக்கப்பட்டது. பெரியவர்களுக்கான ஏடிவியை 16 வயதுக்கு உட்பட்டவர்கள் ஓட்டக் கூடாது என்பது அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவுரை. "குழந்தைதானே, மெதுவாத்தான் ஓட்டும்" என்று கையில் கொடுப்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட் தராத இடத்தில் சவாரி வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

குறுகலான மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்குபவர்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

மண் பாதை என்பதாலேயே அது பொதுப் பாதை ஆகிவிடாது. காபித் தோட்டம் தனியார் இடம். உரிமையாளரிடம் கேட்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். காட்டெருமைகள் நடமாடும் மலை இது என்பதும் நினைவிருக்கட்டும்.

வாடகை வண்டி என்றால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். நீங்களே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்து விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் பிரச்னை உங்கள் தலையில் விழலாம். ஆஃப்-ரோடு சேதத்துக்கு பாலிசி பொருந்துமா என்றும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கிளம்பும் முன் ஐந்து நிமிடம்

• டயரில் பட்டன் தேயாமல் இருக்கிறதா? ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா? சேற்றுக்காகக் காற்றைக் குறைத்தால், தார் ரோடு ஏறும் முன் மறுபடி நிரப்பியாக வேண்டும்.

• பிரேக் பெடலை அழுத்திப் பாருங்கள். மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் அந்த வண்டியை எடுக்காதீர்கள்.

• ஃபோர் லோ எப்படிப் போடுவது என்று சமதளத்தில் ஒருமுறை பழகுங்கள். பெரும்பாலான வண்டிகளை நிறுத்தி, நியூட்ரலில் வைத்துத்தான் மாற்ற முடியும்.

• ஒற்றை வண்டியாகப் போகாதீர்கள். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று தங்கும் இடத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு. கிடைக்கும் இடத்தில் 108 அல்லது 112.

• சிக்கிய வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும்போது யாரும் கயிற்றுக்கு நேரே நிற்கக் கூடாது. அறுந்தால் சாட்டை மாதிரி வரும்.

• மழை பெய்துகொண்டிருந்தால் மண் பாதையை விட்டுவிடுங்கள். மலை நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.

விளம்பரத்தில் வண்டி எப்போதும் ஏறிக்கொண்டே இருக்கும். இறங்குவதைக் காட்ட மாட்டார்கள். ஆனால் மலைக்காரர்கள் ஒரு டிரைவரை எடைபோடுவது, வீட்டு வாசலில் எல்லோரையும் முழுசாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டாரா என்பதை வைத்துத்தான்.