கேமரன் மலைக்குப் போகிறீர்களா?

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் “இந்த முறை பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது?” என்ற பேச்சு வீட்டுக்கு வீடு எழுகிறது. பத்துமலை பார்த்தாயிற்று, கடற்கரை பார்த்தாயிற்று. குளிரைக் காட்டலாமே என்று கேமரன் மலையை நினைத்திருக்கிறீர்களா? நல்ல எண்ணம்தான். புறப்படுமுன் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போனால், செலவழிக்கும் வெள்ளிக்கு இரட்டிப்புப் பலன் கிடைக்கும்.

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதியைக் கண்டார். கண்டவர் வரைபடத்தில் இடத்தைச் சரியாகக் குறிக்காமல் விட்டுவிட்டாராம்! அதனால் பல ஆண்டுகள் அது கேட்பாரற்றுக் கிடந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் வந்து பார்த்த பிறகுதான், வெள்ளைக்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்கும் ஊராக இதை ஆக்குவது என்று முடிவாயிற்று. தாப்பாவிலிருந்து சாலை வந்து சேர்ந்தது 1931இல். துரைமார்கள் ஓய்வெடுக்க வந்த இடம் அது. நம்மவர்கள் அங்கே உழைக்கப் போனார்கள். நூறு ஆண்டுக்குச் சற்றுக் குறைவான அந்தச் சரித்திரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மலை ஏறுங்கள்.

மலை இருப்பது பகாங் மாநிலத்தில். ஆனால் நம்மில் பெரும்பாலோர் பேராக் வழியாகத்தான் ஏறுகிறோம். தாப்பாவிலிருந்து போகும் பழைய சாலை ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர்; வளைவுக்கு மேல் வளைவு. ஈப்போ பக்கத்திலிருந்து சிம்பாங் பூலாய் வழியாகப் போகும் புதிய சாலை அகலமானது. பிள்ளைகளுக்கு வாந்தி வரும் என்றால் புதிய சாலையே நல்லது. பழைய சாலையில் போனால் லாத்தா இஸ்கந்தார் நீர்வீழ்ச்சியில் இறங்கி முகம் கழுவலாம். சாலையோரத்தில் பூர்வகுடியினர் பெத்தாயும் தேனும் வைத்து விற்பார்கள். புறப்படும் காலையில் பிள்ளைகளுக்கு வயிறு முட்ட நாசி லெமாக் வாங்கிக் கொடுக்காதீர்கள். பேருந்தில் முன் இருக்கையில் உட்காருபவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

கார் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கோலாலம்பூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் தானா ராத்தாவுக்குப் பேருந்து உண்டு. ‘தானா ராத்தா’ என்றால் சமதரை. சுற்றிலும் மலைகள் நிற்க, நடுப் பள்ளத்தாக்கில் பெர்த்தாம் ஆற்றங்கரையில், கடல் மட்டத்திற்கு 1,400 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊருக்கு இந்தப் பெயர்! ஒரே ஒரு பெரிய வீதி. மருத்துவமனை, அஞ்சலகம், வங்கி, தமிழ்ப்பள்ளி எல்லாம் உண்டு. வாழையிலைச் சாப்பாடும் ரொட்டி சானாயும் அந்த வீதியிலேயே கிடைக்கும். பெரிய ஹோட்டலைத் தேடிப் போக வேண்டியதில்லை. குடும்பமாய்த் தங்கச் சிறிய விடுதிகள் பல இருக்கின்றன. விடுமுறை நாட்களில் முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் மட்டும் திண்டாட்டம். பகலில் வெப்பம் பெரும்பாலும் 25 பாகையைத் தாண்டாது. இரவில் 15 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. பாட்டியை அழைத்துப் போகிறவர்கள் கம்பளியையும் காலுறையையும் மறந்துவிடாதீர்கள்.

தானா ராத்தாவிலிருந்து பாரிட் அருவிக்கும் ராபின்சன் அருவிக்கும் நடந்தே போகலாம். ஆனால் காட்டுப் பாதைகளில் தனியாக நுழைய வேண்டாம். தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் பேர் பெற்ற ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர், 1967 மார்ச் 26ஆம் நாள், தங்கியிருந்த பங்களாவிலிருந்து வெளியே போனவர்தான். எத்தனையோ பேர் தேடியும் இன்றுவரை துப்புக் கிடைக்கவில்லை.

சற்று மேலே இருக்கும் பிரிஞ்சாங்கில் தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. சம் போ என்ற பெரிய புத்தர் கோயிலும் உண்டு. இரவுச் சந்தை, ஸ்ட்ராபெர்ரி தோட்டம், கள்ளிச்செடித் தோட்டம், வண்ணத்துப்பூச்சிப் பண்ணை என்று பிள்ளைகளுக்குப் பொழுது போக ஏராளம். இவற்றை நான் விவரிக்கப் போவதில்லை. பிள்ளைகளே உங்களை இழுத்துப் போவார்கள். ஸ்ட்ராபெர்ரியைத் தாமே பறிப்பதில் குஷி அதிகம். நிறுக்கும்போதுதான் பெற்றோர் முகம் மாறும்.

தேயிலைத் தோட்டத்தை மட்டும் அவசரப்படாமல் பாருங்கள். 1929இல் ஜே. ஏ. ரஸல் என்பவர் தொடங்கிய ‘போ’ தோட்டம்தான் இம்மலையில் முதலாவது. ஹாபுவுக்கு அருகே ஒன்றும், பிரிஞ்சாங்குக்கு அப்பால் சுங்கை பாலாஸில் ஒன்றும் பொதுமக்கள் பார்க்கத் திறந்திருக்கின்றன. விடுமுறை நாள் எதுவென்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள், அன்று போய் ஏமாறாதீர்கள். பேருந்தில் வந்தவர்கள் அங்கே போக வாடகை வண்டி பிடிக்க வேண்டும். அது கட்டுபடியாகாவிட்டால், ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் இடையே பெரிய சாலையோரத்திலேயே பாரத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது.

பால் மரத்தோடு பழகிய நமக்குத் தேயிலைச் செடி ஒரு வேடிக்கை. ரப்பர் மரத்தை இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் வெட்டிவிட்டு மறுநடவு செய்கிறோம். தேயிலையோ நம் தாத்தா காலத்தில் நட்டது இன்னும் துளிர்விட்டுக்கொண்டிருக்கிறது. சும்மா விட்டால் மரமாக வளர்ந்துவிடும். கவாத்து செய்து செய்துதான் இடுப்பளவில் வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதே செடியில் கொழுந்து எடுக்கலாம். பால் வெட்டுக்கு மழை பகை, கொழுந்துக்கு மழை உறவு. இங்கே மழை பெய்தால் நாம் வீட்டில் இருப்போம். அங்கே இடுப்பில் பிளாஸ்டிக்கைச் சுற்றிக்கொண்டு, அந்தக் குளிரில், சறுக்கும் சரிவில் நிற்க வேண்டும். படத்தில் பச்சைக் கம்பளம் போலத் தெரியும் அந்தச் சரிவில் சற்று ஏறிப் பாருங்கள், முழங்கால் சொல்லும்.

முன்பு கையால் கிள்ளினார்கள். பிறகு பெட்டி வைத்த கத்தரி வந்தது. இப்போது இரண்டு பேர் இருபுறமும் பிடித்துக்கொண்டு நடக்கும் இயந்திரம். செங்குத்தான இடத்தில் இன்னமும் கத்தரிதான். தொழிற்சாலைக்குள் போனால் இலையை வாட்டுவது, உருட்டுவது, காற்றுப்பட்டுச் சிவக்க விடுவது, உலர்த்துவது, சலிப்பது என்று வரிசையாகக் காணலாம். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சை இலை ஒரு கிலோ தூளாகிறது. காலையில் நாம் கலக்கும் ஒரு கோப்பைக்குப் பின்னால் எத்தனை கையுண்டு என்று பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். வாத்தியார் புத்தி போகவில்லை, மன்னிக்கவும்.

வருகிறவர்கள் பெரும்பாலும் தேநீர் குடித்து, கேக் சாப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பாதையோரத்து லயங்களைத் திரும்பிப் பார்ப்பவர் குறைவு. ஒரு சமயம் அங்கே ஒரு பாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தேன். மாமியார் காலத்திலிருந்து அதே மலையில் வேலையாம். பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். நீலகிரியா என்று கேட்டதற்கு, எந்த ஊர் என்பது மாமியாரோடு போயிற்று, எனக்கு ஊர் இதுதான் என்றார். அந்த ஊரில் தமக்கென்று ஒரு வீடு மட்டும் இல்லை. ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மலையில் மனை வாங்கும் விலையோ எட்டாத உயரம். கீழே ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம் குடும்பங்கள் கேட்ட கேள்வி அதே கேள்விதான், வாசகர்களே. இன்று அங்கும் இலை வெட்டுபவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். மீதமிருக்கும் நம்மவர்களிடம் நின்று நாலு வார்த்தை பேசுங்கள். அங்கே பிறந்து வளர்ந்தவர் சொல்லும் கதை எந்தச் சுற்றுலா ஏட்டிலும் இல்லை.

மலை முன்போல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். காய்கறித் தோட்டங்களுக்காகக் காட்டை வழித்து, சரிவு சரிவாகப் பிளாஸ்டிக் கூரை போட்டிருக்கிறார்கள். நாம் மலிவாக வாங்கும் முட்டைக்கோஸ் அங்கிருந்துதான் வருகிறது, ஆகவே முழுப் பழியையும் விவசாயி மேல் போட முடியாது. ஆனால் மழைக்கு அவிழ்ந்த மண் முழுவதும் பெர்த்தாம் ஆற்றில் இறங்கி, ரிங்லெட் அணைக்கட்டின் ஏரியைத் தூர்க்கிறது. 2013 அக்டோபர் 23ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், பெருமழையில் நிரம்பிய அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் வீடுகளையும் வாகனங்களையும் வாரிக்கொண்டு போனது, உயிர்களும் போயின. சாலையிலிருந்து அந்த ஏரியைப் பார்க்கலாம். நீர் செம்மண் நிறமாக இருந்தால், காரணம் என்னவென்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அக்டோபர், நவம்பரில் மழை மிகுதி. மண் சரிந்து சாலை அடைபடுவதும் உண்டு. திரும்பும் நாளில் கியா பார்ம் சந்தையில் காய்கறி வாங்குவதானால் காலையிலேயே முடித்துவிடுங்கள். விடுமுறைக் காலத்தில் அங்கே வண்டிகள் மணிக்கணக்கில் நகராது. மாலையானால் மூடுபனி இறங்கிவிடும். இருட்டுமுன் தாப்பாவுக்கு வந்து சேருமாறு புறப்பட்டுவிடுங்கள்.