பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பி வாங்காதீர்கள்

"எச்.டி.எம்.ஐ. 2.1 கேபிள்" என்று அச்சிட்ட பாக்கெட் இன்று எல்லா எலெக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் தொங்குகிறது. அப்படி அச்சிடவே அனுமதி இல்லை என்பது வாங்குகிறவர்களில் பலருக்குத் தெரியாது. எச்.டி.எம்.ஐ. உரிமத்தை நிர்வகிக்கும் அமைப்பின் விதிப்படி, கேபிளை 1.4, 2.0, 2.1 என்று பதிப்பு எண் போட்டு விற்கக் கூடாது. வகைப் பெயரைச் சொல்லித்தான் விற்க வேண்டும். பிரீமியம் ஹை ஸ்பீட் என்றால் நொடிக்கு 18 ஜிகாபிட் தாங்கும். அல்ட்ரா ஹை ஸ்பீட் என்றால் 48 ஜிகாபிட். 4கே படத்தை 120 ஹெர்ட்ஸில் முழு நிறத்தோடு பார்க்க இரண்டாவது வகைதான் வேண்டும்.

வகைப் பெயரையும் யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாமே என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் சோதனை இருக்கிறது. அல்ட்ரா ஹை ஸ்பீட் கேபிளின் ஒவ்வொரு மாடலும், ஒவ்வொரு நீளமும் அங்கீகரிக்கப்பட்ட சோதனைக்கூடத்தில் தேற வேண்டும். கேபிளின் இரு முனையையும் அளவீட்டுக் கருவியில் மாட்டிவிட்டால், மற்றதைக் கணினியே பார்த்துக்கொள்ளும். குறைந்த அலைவரிசையிலிருந்து உயர்ந்தது வரை சிக்னலை அனுப்பி, வழியில் எவ்வளவு வலுவிழக்கிறது, ஒரு ஜோடிக் கம்பியிலிருந்து பக்கத்து ஜோடிக்கு எவ்வளவு கசிகிறது, ஒன்றாகப் புறப்பட்டவை எவ்வளவு முன்பின்னாக வந்து சேருகின்றன என்று அளக்கும். கேபிளிலிருந்து வெளியே சிந்தும் மின்காந்த அலை அருகிலுள்ள வைஃபையைக் கெடுக்குமா என்றும் பார்க்கிறார்கள். தேறிய மாடலின் பாக்கெட்டில் ஒரு லேபிள் ஒட்டப்படும். எச்.டி.எம்.ஐ. கேபிள் சான்றிதழுக்கான செயலியால் அதை ஸ்கேன் செய்தால் சான்று உண்மையா என்று கடையிலேயே தெரிந்துவிடும். வாங்குவதற்கு முன் அந்த லேபிளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தங்க முலாம், தடித்த உறை, அதிக விலை ஆகிய மூன்றும் இதற்கு ஈடாகாது. டிஜிட்டல் சிக்னல் சரியாகப் போய்ச் சேர்ந்தால் படம் முழுமையாக வரும்; சேராவிட்டால் புள்ளிகள் மின்னும், திரை விட்டுவிட்டுக் கறுக்கும், அல்லது "நோ சிக்னல்" என்று நிற்கும். விலை உயர்ந்த கேபிள் நிறத்தைக் கூட்டாது.

சோதனைக்குப் போவது மாதிரிகள்தான், உங்கள் கையில் இருக்கும் அதே கேபிள் அல்ல. அதனால் லேபிள் இருந்தாலும் பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

கேபிளைவிடப் பெரிய செலவு வைப்பவை டிவி, மானிட்டர், ஏ.வி. ரிசீவர் போன்ற கருவிகள். இவற்றின் மேல் 2.1 என்று இருந்தால் 48 ஜிகாபிட்டும் கிடைக்கும் என்று நினைத்துத்தான் மக்கள் பணம் கொடுக்கிறார்கள். ஆனால் 2.1-இன் புதிய வசதிகளில் பல, தயாரிப்பாளர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் விருப்ப வசதிகள். அவற்றைத் தராத கருவியும் 2.1 என்ற பெயரோடு வரலாம் என்று உரிம அமைப்பே 2021 டிசம்பரில் உறுதிப்படுத்தியது. எந்த வசதி உண்டு என்பதைத் தயாரிப்பாளர் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்பதுதான் அது வைக்கும் நிபந்தனை. இந்த ஏற்பாடு வாங்குகிறவருக்கு நியாயம் செய்யவில்லை என்பதே என் கருத்து. ஆகவே பதிப்பு எண்ணை விட்டுவிட்டு வேறு கேள்விகளைக் கேளுங்கள். 4கே 120 ஹெர்ட்ஸ் வருமா? எந்தெந்தப் போர்ட்டில்? எத்தனை ஜிகாபிட்? நான்கு போர்ட் உள்ள டிவியில் இரண்டு மட்டுமே முழு வேகம் தருவது சாதாரணம். பதிலை மின்னஞ்சலிலோ பில்லிலோ எழுதி வாங்குங்கள்.

சோதனையில் ஓட்டை இருந்தால் என்ன ஆகும் என்பதை 2020-இல் உலகம் பார்த்தது. டெனான், மராண்ட்ஸ், யமஹா நிறுவனங்களின் புதிய ரிசீவர்கள் 2.1 என்று விற்பனைக்கு வந்தன. அப்போது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் கேம் கன்சோல் கடைக்கு வந்திருக்கவில்லை. பின்னர் அதையும் புதிய கிராபிக்ஸ் கார்டுகளையும் மாட்டி 4கே 120 ஹெர்ட்ஸ் கொடுத்தபோது திரை கறுத்தது. ரிசீவர்களுக்குள் இருந்த எச்.டி.எம்.ஐ. சிப்பில்தான் பிழை. அந்த ஆண்டு அக்டோபரில் ஜெர்மானியக் கணினி இதழ் ஒன்று இதை வெளியே கொண்டுவந்தது. டெனான், மராண்ட்ஸ் தரப்பு மறு ஆண்டு இலவசமாக ஒரு இணைப்புப் பெட்டி கொடுத்தது; யமஹா ரிசீவருக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டையே இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. கன்சோல் போலவும் டிவி போலவும் நடிக்கும் தானியங்கிச் சோதனைக் கருவிகள் இருப்பதே இத்தகைய பிழைகளை முன்கூட்டியே பிடிக்கத்தான். ரெசல்யூஷன், ஹெர்ட்ஸ், நிற ஆழம், நகல் பாதுகாப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பெருக்கினால் வரும் சேர்க்கைகளை ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க முடியாது.

படம் வராமல் போவதோடு முடியாத ஆபத்தும் ஒன்று உண்டு. அது கணினி மானிட்டர்களில் எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றாக உள்ள டிஸ்ப்ளே போர்ட் இணைப்பில் வருவது. அதன் 20-ஆம் பின், அடாப்டர்களுக்காக 3.3 வோல்ட் மின்சாரம் தருவது. சாதாரணக் கேபிளில் ஒரு முனையின் 20-ஆம் பின்னை மறுமுனையோடு இணைக்கும் கம்பி இருக்கவே கூடாது என்பது டிஸ்ப்ளே போர்ட் தரத்தை வகுக்கும் வேசா அமைப்பின் விதி. தரங்கெட்ட சில கேபிள்களில் அது இருக்கிறது. அப்போது மானிட்டரின் மின்சாரம் கிராபிக்ஸ் கார்டுக்குள் பின்வழியாக நுழைகிறது. கணினி ஆன் ஆகாமல் அடம்பிடித்து, மானிட்டர் கேபிளைப் பிடுங்கியதும் ஆன் ஆனால், முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள்; மீண்டும் மாட்டாதீர்கள். கார்டே பழுதாகலாம். டி.பி.40, டி.பி.80 என்று வேசா சான்று பெற்ற கேபிள்களை அதன் இணையப் பட்டியலில் சரிபார்க்கலாம்.

நம் நாட்டில் டிவிக்கும் மானிட்டருக்கும் பி.ஐ.எஸ். எனும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். அது மின் அதிர்ச்சி, தீ போன்றவற்றிலிருந்து பாதுகாப்பு உண்டா என்று பார்க்கும் சோதனை. போர்ட் சொன்ன வேகத்தைத் தருமா என்பதற்கு அது சாட்சி அல்ல. கடைக்காரர் பி.ஐ.எஸ். முத்திரையைக் காட்டி வேகத்துக்கு உத்தரவாதம் சொன்னால் ஏற்காதீர்கள்.

ஏமாந்துவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உங்கள் பக்கம் நிற்கிறது. பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்வதும், பில் தராமல் விடுவதும் முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. காலம் குறிக்காவிட்டால் 30 நாள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகை குறையுள்ள பொருள் விஷயத்தில் செல்லாது. இணையத்தில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் பெற்றதை உறுதி செய்து, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும்.

புகாருக்கு முன் பழுது எங்கே என்று பிரித்துப் பாருங்கள். வேறு போர்ட், குட்டையான வேறு கேபிள், 60 ஹெர்ட்ஸ் என்று மாற்றிப் பார்த்து, ஒவ்வொன்றையும் கைபேசியில் வீடியோ எடுங்கள். சில டிவிகளில் முழு வேகத்தை அமைப்புகளில் போய் இயக்க வேண்டியிருக்கும், அதையும் பாருங்கள். பிறகு விற்றவருக்கு எழுத்தில் புகார், அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கும் தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாத குறை என்றால், ஆணையம் பொருளை முத்திரையிட்டு உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை கேட்கலாம் என்று பிரிவு 38 சொல்கிறது. ஆய்வகத்துக்கு 45 நாள் அவகாசம். சோதனைக் கட்டணத்தை மனுதாரர் முன்கூட்டிக் கட்ட நேரலாம். எனவே சந்தேகம் வந்த கேபிளை வெட்டிப் பிரித்துப் பார்க்காமல், பாக்கெட், லேபிள், பில்லோடு அப்படியே எடுத்து வையுங்கள்.

மனுவில் பணத்தை மட்டும் கேட்டு நிறுத்த வேண்டாம். முறையற்ற நடைமுறையை நிறுத்தவும், ஆபத்தான பொருளை விற்பனையிலிருந்து விலக்கவும், தவறான விளம்பரத்தைத் திருத்தி வெளியிடவும் பிரிவு 39-இன்படி ஆணையம் உத்தரவிட முடியும். அந்தக் கோரிக்கையையும் சேர்த்தே எழுதுங்கள்.